மணி முடியாமல் யாரும் உட்காரவில்லை

போன வாரம் ஜெனிஃபர் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் இசைப்பள்ளியின் வாத்தியக் குழுவை நடத்துகிறவள் அவள்தான். என்னிடம் படித்தவள். அதனால் நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது, எடுத்தவுடன் விஷயத்துக்கு வந்துவிடுவாள்.

"டீச்சர், செலின் அக்காவோட 'அணைக்கரை'ய மறுபடி வாசிக்கப் போறோம். மணிச் சத்தம் கீபோர்டுலயே நல்லா வருது, அது போதும்ல? அப்புறம், கடைசி மணிய குழுவுல இல்லாத ஒருத்தர்தான் அடிக்கணும்னு எழுதியிருக்கு. யாரைக் கூப்பிடறது, கலெக்டரையா?"

சிரித்துவிட்டு, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். சொல்லிவிட்டேனே தவிர, உட்கார்ந்து எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. அவள் இரண்டு கேள்வி கேட்டாள். எனக்கோ அந்தக் காலத்தில் குழுவை நடத்திய இன்னாசி மாஸ்டரிலிருந்து ஆரம்பிக்காமல் எதையும் சொல்ல வராது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் பாட்டு டீச்சராக வேலைக்குச் சேர்ந்தேன். சுமாராக வயலின் வாசிப்பேன். இசைப்பள்ளி வாத்தியக் குழுவில் சேர விரும்பி, வயலினும் கையுமாக மாஸ்டர் முன்னால் போய் நின்றேன். அவர் வயலினைப் பார்க்கவே இல்லை. என் உயரத்தைத்தான் மேலும் கீழும் பார்த்தார். "தாயி, நீ அந்த மூலைக்குப் போ" என்றார். மூலையில் என்னைவிட உயரமாக டபுள் பாஸ் என்னும் ராட்சத வயலின் சாய்ந்திருந்தது. அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை அதை அணைத்துக்கொண்டு நின்றபடிதான் வாசித்தேன். கச்சேரிக்காக அதை டவுன் பஸ்ஸில் ஏற்றும்போதெல்லாம், "இதுக்குள்ள ஆள் யாரும் இல்லையே?" என்று கண்டக்டர் கேட்பார். வீட்டுக்காரரைவிட அதைத்தான் அதிக நேரம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இதை அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

மாஸ்டர் இளவயதில் ராணுவ பேண்டில் இருந்தவர். ஷூ எப்போதும் பளபளக்கும், சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. ராணுவத்திலிருந்து அவர் கொண்டுவராதது அதட்டல் ஒன்றுதான். யாராவது தப்பாக வாசித்தால் கையை இறக்குவார், கண்ணாடியைக் கழற்றுவார், கைக்குட்டையால் துடைப்பார். முழுக்கத் துடைத்து மாட்டிக்கொண்ட பிறகு, "இன்னொரு தடவ வாசிங்க, எனக்காக" என்பார். அந்த 'எனக்காக' என்ற சொல்லுக்கு நாங்கள் எல்லோரும் நடுங்குவோம். திட்டியிருந்தால் திருப்பி முறைத்திருக்கலாம்.

ஒத்திகை தொடங்குவதற்கு அவருக்கு ஒரு முறை உண்டு. வாத்தியத்தை மடியில் வைத்துவிட்டு எல்லோரும் சும்மா உட்கார வேண்டும். வெளியே பஸ் ஹாரன், பக்கத்துப் பட்டறையில் பூட்டுக்கு அரம் போடும் சத்தம், மின்விசிறியின் கிரீச் என்று எல்லாம் காதில் விழும். "இம்புட்டுக்கும் நடுவுலதான் நாம வாசிக்கப் போறோம். முதல்ல அதுகளுக்கு ஒரு வணக்கம் வச்சுக்கிருங்க" என்பார். பிறகுதான் சுருதி சேர்ப்போம்.

செலின் அவருடைய மாணவி. சித்தையன்கோட்டைப் பக்கத்தில், ஆத்தூர் அணையை ஒட்டிய ஒரு சின்ன ஊர்க்காரி. அவள் அப்பா சவரிமுத்து அந்த ஊர் மாதா கோயிலில் கோயில்பிள்ளை. கோயிலைத் திறப்பது, பூசைக்கு எடுத்து வைப்பது, மெழுகுதிரி ஏற்றுவது, எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று வேளை மணி அடிப்பது அவர் வேலை. காலை, நண்பகல், மாலை என்று அந்த மணி கேட்டால் வயலில் நிற்பவர்கூட மண்வெட்டியைப் போட்டுவிட்டு நின்று மூவேளை செபம் சொல்வார். முதலில் மூன்று அடி, ஒரு மந்திரம் சொல்லும் நேரம் இடைவெளி. மறுபடி மூன்று, இடைவெளி. மறுபடி மூன்று, இடைவெளி. கடைசியாக விடாமல் கொஞ்ச நேரம் அடிக்கும் நீண்ட மணி. அந்தக் கடைசி மணி முடிந்தால்தான் செபம் முடிந்ததாகக் கணக்கு. அதற்கப்புறம்தான் உட்காரலாம், பேசலாம், சோற்றுக்கு வெஞ்சனம் என்ன என்று கேட்கலாம்.

செலின் எங்கள் குழுவில் வயலின் வாசித்தாள். பிறகு இசை எழுதப் படிக்கிறேன் என்று வெளிநாடு போய்விட்டாள். சவரிமுத்து அண்ணனுக்கு அதில் இஷ்டமில்லை. போனவள் தன் முதல் படைப்பைக் கேசட்டில் அனுப்பினாள். கேட்டவர், "என்ன தாயி, பரண்ல இருந்து பாத்திரத்த உருட்டிவிட்ட மாதிரி இருக்கு" என்று போனில் சொல்லிவிட்டார். மனிதர் வஞ்சகமில்லாதவர், மனதில் பட்டதைச் சொன்னார். ஆனால் அவளுக்கு அது தைத்துவிட்டது. அதன் பிறகு அப்பாவும் மகளும் சாப்டியா, மழை பேஞ்சுச்சா, முட்டுவலி எப்படி என்பதோடு சரி. இசையைப் பற்றிப் பேச்சே கிடையாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கோடை விடுமுறையில் செலின் ஊருக்கு வந்தாள். எங்கள் குழுவுக்காகவே எழுதிய 'அணைக்கரை'யை மாஸ்டர் மேசைமேல் வைத்தாள். என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னாள்: "டீச்சர், இத யாரு கேட்டாலும் கேக்காட்டியும் பரவாயில்ல. எங்கப்பா ஒரு தடவ உக்காந்து கேக்கணும்."

ஜெனிஃபர், உங்கள் தலைமுறைக்கு இந்த மாதிரி இசை பழகிவிட்டது. எங்களுக்கு அது புதுசு. திருவிழாவிலும் கல்யாணத்திலும் வாசித்துப் பழகியவர்கள் நாங்கள். பாட்டு என்றால் ஒரு மெட்டு இருக்கும், போய்த் திரும்பி வரும், எங்கே கை தட்டுவது என்று ஜனங்களுக்குத் தெரியும். 'அணைக்கரை'யில் மெட்டே இல்லை. தொடக்கத்தில் நான் ஒருத்தி மட்டும் அடித் தந்தியில் வில்லை வைத்தும் வைக்காமலும் இழுக்க வேண்டும். சத்தம் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியக் கூடாது. பிறகு செல்லோ, அதன் மேல் வயலின்கள். எல்லோருக்கும் அதே சுரம்தான். ஆனால் ஒருவர் இழுக்கும் நீளம் இன்னொருவருக்கு இருக்காது. அதனால் சத்தம் மெல்ல மெல்ல அகலமாகிக்கொண்டே போகும், தாளம் என்று ஒன்று தட்டுப்படாது. டிரம்பெட்காரர்கள் ஊதக் கூடாது, குழாய்க்குள் மூச்சை மட்டும் விட வேண்டும். கிளாரினெட் நாலே நாலு சுரத்தில் ஒரு துணுக்கைச் சொல்லும். சொல்லி முடிக்காது.

டிரம் வாசித்த பாண்டி ஊர் பேண்டு செட்டிலிருந்து வந்தவன். அவனுக்குத் தோலை உள்ளங்கையால் தடவும் வேலை.

"மாஸ்டர், பத்து ஊருக்குக் கேக்கறாப்புல அடிக்கிறவன் நானு. இங்க உக்காந்து தடவிக்கிட்டு இருக்கேன். எங்க ஊர்க்காரன் பாத்தா கன்னுக்குட்டி வாங்க வந்திருக்கேன்னு நெனப்பான்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றவில்லை. சிரித்தார். "அப்பு, நீ ஆத்தூர் அணை பாத்திருக்கேல்ல? மழைக்குத் தண்ணி ஏறும்போது சத்தம் கேட்டிருக்கியா?"

"தண்ணி ஏறுறதுக்குச் சத்தம் ஏது மாஸ்டர்? காலைல போய்ப் பாத்தா ஏறியிருக்கும்."

"அதத்தான் அந்தப் புள்ள எழுதியிருக்கு. இன்னொரு தடவ தடவு, எனக்காக."

அதற்குப் பிறகு பாண்டி முணுமுணுக்கவில்லை. எனக்கும் அன்றைக்குத்தான் என் பாகம் பிடிபட்டது. அதுவரை நான் வாசிக்க முயன்றுகொண்டிருந்தேன். அங்கே வேண்டியிருந்தது பொறுமைதான்.

படைப்பின் நடுவில் மணி வருகிறது. மூன்று, இடைவெளி, மூன்று, இடைவெளி, மூன்று. பிறகு சிறிது நேரம் முழு மௌனம். அதிலிருந்து டபுள் பாஸ் மட்டும் எழும்ப வேண்டும். மாஸ்டர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பா, கடைசி மணி எங்க?" என்று கேட்டார்.

செலின் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். அவள் வெளிநாடு கிளம்பிய அன்று மாலை பஸ் ஏறினாள். அப்பா வழியனுப்ப வரவில்லை. வர முடியாது, அது மணி அடிக்கும் நேரம். பஸ் நகரும்போது மணி கேட்டது. மூன்றும் மூன்றும் மூன்றும் கேட்டது. அதற்குள் வண்டி திருப்பத்தில் வளைந்து, எஞ்சின் சத்தத்தில் மிச்சம் காதில் விழவில்லை. "நான் கேக்காதத எப்படி மாஸ்டர் எழுதறது?" என்றாள். மாஸ்டர் தலையை ஆட்டினார்.

மணிக்கு எங்களிடம் வாத்தியம் இல்லை. சவரிமுத்து அண்ணனே ஒரு வழி சொன்னார். பெரிய மணி கோபுரத்துக்கு வருவதற்கு முன் தொங்கிய பழைய சின்ன மணி கோயில் அறையில் கிடந்தது. பங்குச் சாமியாரிடம் கேட்டு, தேய்த்து மினுக்கி, தக்காளிப் பெட்டி ஏற்றிய வேனில் தன் காலடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். மகளின் இசைக்கு என்று சொல்லவில்லை. "மாஸ்டர் கேட்டாருன்னு" கொடுத்தாராம்.

மரச்சட்டத்தில் மணியைத் தொங்கவிட்டு, நாக்கில் கயிறு கட்டி அடித்துப் பார்த்தோம். வந்தது வம்பு. மணியின் சுருதி எங்கள் சுருதியைவிடக் கொஞ்சம் கீழே இருந்தது. இன்னொரு சுரமாக இருந்தாலும் சமாளிக்கலாம். இது இரண்டு சுரத்துக்கும் நடுவில் தொங்கியது. வயலின்கள் நம் சுருதியில் நிற்க மணி ஒலித்தால், நல்ல சோற்றில் கல் அகப்பட்டது போல இருந்தது.

"மணிய ராவித் திருத்திரலாமா?" என்று பாண்டி கேட்டான். பூட்டு ஊர்க்காரன், எதைப் பார்த்தாலும் அரம்தான் ஞாபகம் வரும்.

மாஸ்டர் மணியை மறுபடி அடிக்கச் சொன்னார். ஓசை அடங்கும்வரை காதைச் சாய்த்துக் கேட்டார். "அது எத்தன வருசமா இந்தச் சுருதியில நிக்குது. நாம நேத்து வந்தவங்க. நாமதான் எறங்கி வரணும்" என்றார்.

இறங்கினோம். ஒரு முழு ஒத்திகை அதற்கே போனது. மணியை ஒருமுறை அடிப்பது, அது அடங்குவதற்குள் முதல் வயலின் தன் தந்தியை இறக்கிச் சேர்ப்பது. மறுபடி அடிப்பது, அடுத்தவர் சேர்ப்பது. டிரம்பெட்டில் சுருதிக் குழாயை வெளியே இழுத்து வைத்தார்கள். கிளாரினெட்டின் வாய்ப்பகுதிக்குக் கீழே உள்ள மூட்டைத் தளர்த்தி நீளமாக்கினார்கள். அதிகமாக இழுத்தால் மேல் சுரங்கள் முறைக்கும், குறைத்தால் கீழே உள்ளவை முறைக்கும். மாஸ்டர் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய்க் குனிந்து நின்றார். கடைசியில் என் முறை. என் தந்தி தொளதொளத்து வில்லுக்குக் கீழே நழுவியது. ஆனால் மணியும் நானும் ஒன்றாக ஒலித்தபோது தரை அதிர்வது கால் வழியாக ஏறியது. என் வேலைக் காலம் முழுவதிலும் அவ்வளவு சந்தோஷமாகச் சுருதி சேர்த்ததில்லை. ஜெனிஃபர், கீபோர்டு மணி சரியான சுருதியில்தான் இருக்கும். அதனால்தான் அது வேண்டாம் என்கிறேன்.

எல்லாம் கூடிவந்த பிறகு தலைக்குமேல் வந்து நின்றது ஒன்று. கச்சேரி ஞாயிறு மாலை. சவரிமுத்து அண்ணன் கையை விரித்துவிட்டார்.

"எனக்கு வர ஏலாது டீச்சர். மணி யாரு அடிக்கிறது?"

"அண்ணே, ஒரு நாளைக்கு வேற யாராச்சும் அடிக்க மாட்டாங்களா?"

"எம் பொஞ்சாதி அடக்கத்தன்னிக்கே நாந்தான் அடிச்சேன்."

செலின் பக்கத்தில்தான் நின்றாள். "சரிப்பா, பரவாயில்ல" என்றாள். அந்தப் 'பரவாயில்ல'யை என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கொட்டினேன். அவர் பேங்க்கில் கேஷியர். எதையும் சரியாகச் செய்வார், மெதுவாகச் செய்வார். "நான் போய் அடிச்சா ஒத்துக்கிருவாரா?" என்று கேட்டார்.

சவரிமுத்து அண்ணன் அவரைச் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. வரவழைத்துப் பரீட்சை வைத்தார். கோபுர மணியின் வடத்தைத் தொட விடாமல், காற்றில் கையை இழுத்துக் காட்டச் சொன்னார். நடுவில் விடும் இடைவெளிக்கு வாய்க்குள் மாதாவை வாழ்த்தும் பிரியதத்த மந்திரத்தைச் சொல்லிக்கொள்ளச் சொன்னார். "வேகமாச் சொல்லாதீக சார், இது பேங்க்கு இல்ல" என்றார். என் வீட்டுக்காரரைப் பார்த்து வேகம் என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான். கடைசியில் அரை மனதாகச் சம்மதித்தார்.

அன்று மாலை அரங்கு நிறைந்திருந்தது. பெரும்பாலும் நம் ஊர்க் கோயில் ஜனங்கள், பள்ளிப் பெற்றோர், பாண்டியின் கன்றுக்குட்டி ஜோக்கைக் கேட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்த அவன் ஊர்க்காரர்கள். செலின் பக்கவாட்டுக் கதவோரம் நின்றாள், உட்காரவில்லை. சவரிமுத்து அண்ணன் நடு வரிசையில் வெள்ளை வேட்டி சட்டையோடு இருந்தார். மாஸ்டருக்குச் சபை முதுகுப் பக்கம். எனக்கு நேரெதிர். அதனால் எல்லாவற்றையும் பார்த்தவள் நான்தான்.

முதலில் வாசித்த இரண்டு பாட்டுக்கும் நல்ல கைதட்டல். பிறகு 'அணைக்கரை'. நான் தொடங்கினேன். முதலில் ஜனங்கள் கூரையைப் பார்த்தார்கள், மின்விசிறியில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள். சத்தம் அகன்றுகொண்டே வந்தது. ஆட்கள் நெளிந்தார்கள், யாரோ இருமினார்கள். சவரிமுத்து அண்ணன் மடியில் கைகோத்து அசையாமல் இருந்தார். மணி அடிக்கும் நேரம் நெருங்க நெருங்கக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அவர் உடம்பு இங்கே இருந்தது, மனது கோபுரத்தில் வடத்தைப் பிடித்து நின்றது. அவருக்கு இது காதில் விழவே இல்லை, எல்லாம் வீண் என்று நினைத்தேன்.

பாண்டி மணியை அடித்தான். முதல் மூன்று.

சவரிமுத்து அண்ணன் எழுந்து நின்றார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கோயிலில் சொல்வது போலவே உரக்கச் செபத்தைத் தொடங்கினார். ஒரு நொடிதான். அவர் வரிசை எழுந்தது, பின் வரிசை எழுந்தது, அரங்கு முழுக்க நாற்காலிகள் நகர்ந்தன. மணி கேட்டால் எழுந்து பழகிய ஜனம், ஒருத்தர் சொன்னால் பதில் சொல்லிப் பழகிய ஜனம். பாண்டி ஊர்க்காரர்களும் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்து மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

பாண்டி மாஸ்டரைப் பார்த்தான். மாஸ்டர் திரும்பவில்லை. இடைவெளியை நீட்டினார். முதல் பகுதி செபம் முடியும்வரை காத்திருந்து, அடுத்த மூன்றுக்குக் கண் காட்டினார். அடுத்ததற்கும் அப்படியே. மூன்றாவது மூன்றும் முடிந்து மௌனம் வர வேண்டிய இடத்தில் அரங்கு முழுக்கச் செபத்தின் முணுமுணுப்பு நிறைந்திருந்தது. மாஸ்டரின் கை அந்தரத்தில் நின்றது. வயதான கை, ஆனால் இறங்கவில்லை. அவருடைய ஷூவைப் பார்த்தேன். அதுவும் அசையவில்லை. செபம் அடங்கியது. அவர் என்னைப் பார்த்தார். நான் வில்லை வைத்தேன்.

இனி உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் உட்காரவில்லை. ஏன் என்று பிறகுதான் புரிந்தது. கடைசி மணி இன்னும் அடிக்கவில்லை. அதற்கு முன் கோயில்பிள்ளை உட்கார மாட்டார். கோயில்பிள்ளை உட்காராமல் நம் ஜனம் உட்காராது. மிச்சப் படைப்பு முழுவதையும் அந்த அரங்கு நின்றுகொண்டே கேட்டது. நெளிந்தவர்கள் நெளியவில்லை, இருமியவர் இருமவில்லை. வயலின்கள் எல்லாம் ஒன்றாகத் திறந்து, டிரம்பெட்டில் முதல்முறையாக மூச்சு சத்தமாக மாறும் இடத்தில், சவரிமுத்து அண்ணன் தலை மெல்ல நிமிர்ந்தது. அதற்கப்புறம் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

எல்லாம் வடிந்து என் ஒற்றைச் சுரத்தில் வந்து நின்றது. அதுவும் ஓய்ந்தது. கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. அந்த அமைதியில் அவர் குரல் மட்டும் கேட்டது.

"மணி முடியலையே, தாயி."

செலின் கதவைப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் அப்போதுதான் திரும்பி, நிற்கும் சபையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார். "நீங்களே வந்து முடிச்சு வையுங்கண்ணே" என்றார்.

சவரிமுத்து அண்ணன் செருப்பைக் கீழே விட்டுவிட்டு மேடை ஏறினார். பாண்டி ஒதுங்கிக் கயிற்றைக் கொடுத்தான். அவர் நீண்ட மணியை அடித்தார். அவசரமில்லாமல், எண்ணிக்கை இல்லாமல், மகள் நின்ற திசையைப் பார்த்தபடி அடித்தார். செலின் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். டபுள் பாஸுக்குப் பின்னால் நின்றால் அழுவது வெளியே தெரியாது, அது ஒரு வசதி. மணி அடங்கிய பிறகுதான் சபை உட்கார்ந்தது. உட்கார்ந்த வேகத்தில் மறுபடி எழுந்து கைதட்டியது.

எல்லோரும் கலைந்த பிறகு மேடையோரம் அப்பாவும் மகளும் நின்றார்கள். நான் வாத்தியத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, ஆனால் அந்த உறைக்கு ஜிப் நீளம்.

"மணிக்கு நடுவுல விட்ட நேரம் சரியா இருந்துச்சு. யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார்.

"நீங்க அடிச்சதுதாம்ப்பா. கேட்டுக்கிட்டே வளந்தேன்ல."

அவர் மணிக் கயிற்றைச் சுருட்டி வைத்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "முன்னாடி, சத்தமே தெரியாம ஒண்ணு ஏறி ஏறி வந்துச்சே. அது நம்ம அணதானே? கடைசில படார்னு வந்தது, மதகு தெறக்குற எடம். சரியா?"

செலின் தலையை ஆட்டினாள்.

"அப்ப நான் பாத்திரம்னு சொன்னேனே, அதயும் இன்னொரு தடவ போட்டுக் காட்டு. செத்த உக்காந்து கேக்குறேன்" என்றார். அன்று ஊர்க் கோயிலில் என் வீட்டுக்காரர் கடைசி மணியை ரொம்ப நேரம் அடித்துவிட்டார் என்று பிறகு புகார் வந்தது. இவரைக் கேட்டால், நிறுத்த மனசு வரவில்லை என்றார்.

ஜெனிஃபர், கடைசி மணியைப் பற்றி நீ படித்த அந்தக் குறிப்பைச் செலின் தாளில் சேர்த்தது அந்தக் கச்சேரிக்குப் பிறகுதான். சவரிமுத்து அண்ணனும் மாஸ்டரும் இப்போது இல்லை. சின்ன மணி அந்தக் கோயில் அறையில் இருக்கிறது. போய்க் கேட்டு வாங்கு, எல்லோரையும் அதன் சுருதிக்கு இறக்கு. கடைசி மணிக்கு ஆளை முன்கூட்டியே பேசி வைக்காதே. மூன்றாவது மூன்று முடிந்த பிறகு, பாஸ் வாசிக்கும் பிள்ளையைச் சபையைப் பார்க்கச் சொல். கடைசிவரை யார் நின்றுகொண்டே இருக்கிறார்களோ அவர்கள் கையில் கயிற்றைக் கொடு. செலின் வருகிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் உட்கார மாட்டாள்.